உவர் நிலத்துத் தக்காளிக்கு ஜிப்ரெல்லின் தெளிக்கலாமா?

கேள்வி: எங்கள் கிணற்று நீர் சற்றுக் கரிக்கும். அந்த நீரை நம்பித்தான் தக்காளியும் பீன்ஸும் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நன்றாக வந்த செடிகள் பிறகு அப்படியே நின்றுவிட்டன. இலைகள் சிறுத்து, வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கின்றன. மண் ஈரமாக இருக்கும்போதே உச்சிவெயிலில் தலை தொங்குகிறது. பீன்ஸில் அடியிலைகள் ஓரம் கருகி உதிர்கின்றன. பரிசோதனையில் தண்ணீரின் இசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) 2.1, மண்ணின் இசி 4.2 (நிறைவுச் சாறு முறை), பிஎச் 7.8 என்று வந்தது. "உப்பைத் தாங்க வைக்கும் ஹார்மோன்" என்று ஜிப்ரெல்லின் கலந்த ஒரு வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா? ஆப்சிசிக் அமிலம்தான் உண்மையில் உப்பைச் சமாளிக்கும் ஹார்மோன் என்றும் படித்தேன். அப்படியானால் அதைக் கொடுக்கலாமா? இந்த ஹார்மோன்கள் உப்பை என்னதான் செய்கின்றன?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தெளிக்க வேண்டாம். மண்ணில் உப்பு இந்த அளவில் இருக்கும்வரை ஜிப்ரெல்லின் உங்கள் செடிக்கு உதவாது. கெடுதல் செய்யவே வாய்ப்பு அதிகம். ஆப்சிசிக் அமிலமும் வேண்டாம், ஆனால் அதற்குக் காரணம் வேறு. செடி நின்றுவிட்டது என்பதை நீங்கள் ஒரு நோயின் அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். வளர முடியாமல் அது நின்றது என்பதைவிட, வளர்ச்சியைத் தானே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதே பெருமளவு உண்மை. அந்த நிறுத்தத்தை நடத்துபவைதான் ஹார்மோன்கள்.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது செடியை இரண்டு தடவை அடிக்கிறது. முதல் அடி தண்ணீரில். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத்தான் நீர் நகரும். வேர்ச் செல்லுக்குள் இருக்கும் கரைசல் வெளியே இருப்பதைவிட அடர்த்தியாக இருந்தால்தான் நீர் உள்ளே வரும். இசி 4 என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிமோல் சோடியம் குளோரைடுக்கு, அதாவது சுமார் 2.3 கிராம் உப்புக்குச் சமம். அந்தக் கரைசல் நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்திருக்கும் விசை சுமார் 0.2 மெகாபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஆய்வகத்தில் மண்ணைக் குழம்பாகும்வரை நனைத்துத்தான் நிறைவுச் சாறு எடுக்கிறார்கள். உங்கள் வயலில் மண் அவ்வளவு நனைந்து நிற்பதில்லை. தண்ணீர் பாய்ச்சி, மிகை நீர் வடிந்த மறுநாளே அந்த உப்பு ஏறத்தாழ பாதி நீரில்தான் கரைந்திருக்கும். அடர்த்தி இரண்டு மடங்கு. அடுத்த பாய்ச்சலுக்கு முன் இன்னும் கூடும். தொட்டால் ஈரம் தெரிகிற மண்ணில் செடி தாகத்தில் நிற்பது இதனால்தான்.

இரண்டாவது அடி மெதுவாக விழுகிறது. நீரோடு சேர்ந்து ஏறும் சோடியமும் குளோரைடும் இலையில் தங்கிவிடுகின்றன. நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. அதிக நாள் நீரைக் கடத்திய இலை அடியிலைதான்; அதனால் அங்கேதான் ஓரம் கருகத் தொடங்கும். உங்கள் தக்காளி இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறது. பீன்ஸ் இரண்டாவதற்குள் போய்விட்டது. ஒரே வயலில் இரண்டையும் அருகருகே பார்க்க உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

இனி ஹார்மோன்களுக்கு வருகிறேன். உப்பு வேரைத் தொட்டதும் முதலில் கிளம்புவது ஹார்மோனே அல்ல, கால்சியம். வேரின் செல்களில் கால்சியம் அயனியின் அளவு திடீரென எகிறி, அந்த எகிறல் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி ஓர் அலையாக மேலே ஏறும். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமீட்டர் வேகத்தில் போவதை 2014-இல் ஒளிரும் புரதங்களைக் கொண்டு படம்பிடித்தார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கணக்குப் போட்டால், ஓர் அடி உயரச் செடியின் நுனிக்கு அது பதின்மூன்று நிமிடத்துக்குள் போய்விடும்.

அதன் பின்னால்தான் ஆப்சிசிக் அமிலம் வருகிறது. 1960-களில் இதை இரண்டு பக்கத்திலிருந்து தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஃபிரெடரிக் அடிகாட் குழு, பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று தேடிப் போய் இதைப் பிடித்தது. பிரிட்டனில் பிலிப் வேரிங் குழு, மரமொட்டுகள் ஏன் உறங்குகின்றன என்று தேடிப் போய் இதே பொருளுக்கு வந்தது. உதிர்வைத் தேடிய குழு வைத்த பெயரை ஒட்டிய பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் உதிர்வில் இதன் பங்கு சிறிது, அது எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் வேலை. ஆப்சிசிக் அமிலத்தின் பெரிய வேலை தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது.

கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினாய்டு வகைப் பொருளிலிருந்தே செடி இதைச் செய்துகொள்கிறது. இலையின் விறைப்பு தளர்ந்தால் உற்பத்தி ஏறும். இலைத்துளையின் இரு பக்கமும் அவரைவிதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் இருக்கும். அவற்றுக்குள் இதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் உண்டு. எது ஏற்பி என்று பல ஆண்டுகள் தேடி, 2009-இல்தான் உறுதியாகத் தெரிந்தது. ஏற்பி ஆப்சிசிக் அமிலத்தைப் பிடித்ததும், அதுவரை வேலையைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரு பாஸ்பட்டேஸ் நொதியைக் கட்டிப்போடுகிறது. அந்தத் தடை போனதும் கைனேஸ் நொதி ஒன்று விடுபட்டு, செல் சவ்வில் உள்ள வாயில்களைத் திறக்கும். குளோரைடு போன்ற எதிரயனிகளும், தொடர்ந்து பொட்டாசியமும் வெளியேறும். பின்னாலேயே நீரும் போகும். காப்புச் செல்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்ட, துளை அடைபடும். எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

துளை மூடினால் நீரிழப்பு குறையும். கூடவே உப்பு ஏறுவதும் குறையும். கரியமில வாயுவின் வரவும் குறையும் என்பது செடி கொடுக்கும் விலை. வேரிலும் இதற்கு ஒரு வேலை உண்டு. வேரின் உட்புறத்தில் அகத்தோல் என்று ஒரே வரிசைச் செல்கள் வளையமாக நிற்கும். அவற்றின் சுவரில் சூபெரின் எனும் மெழுகுத்தன்மையுள்ள பொருளைப் பூசச் சொல்வது ஆப்சிசிக் அமிலம். அதே பூச்சை எத்திலீன் கரைக்கச் சொல்லும். உப்பு கூடினால் பூச்சு கூடும். இரும்பு, துத்தநாகம் பற்றாவிட்டால் பூச்சு குறையும். எந்த அயனியை விடுவது, எதைத் தடுப்பது என்று வேர் அன்றாடம் நடத்தும் பேரம் இது.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் ஜிப்ரெல்லினிடம் இருக்கிறது. அதன் வரலாறே ஒரு நெல் நோயில் தொடங்குகிறது. ஒரு பூஞ்சை தாக்கிய நாற்று மற்றவற்றைவிட மளமளவென்று உயர்ந்து, வெளிறி, மெலிந்து, கடைசியில் சாய்ந்து விழும். அந்தப் பூஞ்சை வளர்த்த திரவத்தை மட்டும் கொடுத்தாலே நாற்று அப்படி நீளும் என்று 1926-இல் ஜப்பானில் எய்ச்சி குரோசாவா காட்டினார். அதில் இருந்த பொருள்தான் ஜிப்ரெல்லின். செடிகளும் தமக்கு வேண்டிய மட்டும் அதையே செய்துகொள்கின்றன என்று பின்னால் தெரிந்தது.

செடியில் டெல்லா என்று ஒரு புரதக் குடும்பம் உண்டு. அது வளர்ச்சிக்குக் கடிவாளம். ஜிப்ரெல்லின் இருந்தால் டெல்லா அழிக்கப்படும், செடி நீளும். உப்பு வந்தால் செடி தன் ஜிப்ரெல்லினைக் குறைத்துவிடும். டெல்லா சேரும், வளர்ச்சி நிற்கும். இது உப்பின் சேதமா, செடியின் ஏற்பாடா என்ற கேள்விக்கு 2006-இல் ஒரு நேரடியான சோதனை விடை சொன்னது. டெல்லா மரபணுக்களை இழந்த அரபிடாப்சிஸ் செடிகளை உப்பில் வளர்த்தார்கள். கடிவாளம் இல்லாததால் அவை உப்பிலும் நன்றாகவே வளரத் தொடங்கின. ஆனால் இயல்பான செடிகளைவிட அதிகமாகச் செத்தன. நின்று கொண்டவை பிழைத்தன.

இப்போது பரிந்துரைக்கப்பட்ட தெளிப்பைப் பாருங்கள். ஜிப்ரெல்லின் இலைக்குள் போனதும் டெல்லாவை அழிக்கும். இலை விரியும், தண்டு நீளும், ஒரு வாரத்தில் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். அந்த ஒரு வாரம்தான் இந்தப் பொருளை விற்றுத் தருகிறது என்பது என் எண்ணம். இலைப்பரப்பு கூடினால் நீர் அதிகம் ஏறும், நீர் ஏறினால் உப்பும் ஏறும். பள்ளத்தில் இறங்குகிற வண்டியின் பிரேக்கைக் கழற்றிவிட்டு வேகம் கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு ஒப்பானது இது. தொட்டிச் செடிச் சோதனைகளில் ஜிப்ரெல்லின் தெளித்தவை உப்பிலும் உயரமாக நின்றன என்று முடிவுகள் வெளிவந்திருக்கின்றன. நான் அவற்றை மறுக்கவில்லை. உயரமும் பசுமையும் அளந்த சோதனை அது. உங்களுக்கு வேண்டியது காய்.

இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். செடி தன்னுள் நிறுத்திக்கொள்வதைப் போல ஏறத்தாழ 50 மடங்கு நீரை இலைவழியே வெளியேற்றுகிறது. மண்ணில் உள்ள அடர்த்தியைவிடத் தன் உடலில் உப்பு கூடாமல் இருக்க வேண்டுமானால், வேரிடம் வரும் நீரிலுள்ள உப்பில் 98 விழுக்காட்டை அது வெளியிலேயே நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலான பயிர்கள் இந்த வேலையைத் திறமாகவே செய்கின்றன. தவறுவது கடைசி இரண்டு மூன்று விழுக்காட்டில்தான். அதனால் எவ்வளவு நீர் ஏறுகிறது என்பதை நாமாகக் கூட்டிவிடுவது ஆபத்து.

உப்பைத் தடுக்கும் அந்த வேலையை நேரடியாகச் செய்வது ஹார்மோன் அல்ல, சவ்வுகளில் உள்ள புரதங்கள். சீன-அமெரிக்க அறிவியலாளர் ஜியான்-காங் ஜூவின் குழு, உப்பில் உடனே வாடிப்போகும் அரபிடாப்சிஸ் செடிகளைத் தேடிப் பொறுக்கி, அவற்றில் எந்த மரபணு பழுது என்று பார்த்தது. எஸ்ஓஎஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு வரிசை வெளியே வந்தது. மூன்றாவது புரதம் நான் முன்பு சொன்ன கால்சியம் எகிறலை உணரும். அது இரண்டாவதைத் தட்டி எழுப்பும். இரண்டாவது, சவ்வில் நிற்கும் முதலாவதை முடுக்கும். முதலாவது, ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்ளே விட்டு ஒரு சோடியத்தை வெளியே தள்ளும். வேரில் கால்சியம் இல்லாவிட்டால் இந்த வரிசை தொடங்காது. சோடியம் எளிதாக நுழைவதற்கும் கால்சியக் குறைவு வழிவிடும். கால்சியத்தைப் பற்றி ஊக்கி விற்கும் கடையில் யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். ஹார்மோனைவிட அதற்குத்தான் இந்தக் கதையில் பெரிய பங்கு.

தடுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்ட சோடியத்தை, செல் நடுவிலுள்ள நீர்ப்பையில் பூட்டி வைக்கும் புரதங்கள் வேறு உண்டு. தண்டுக்குப் போகும் நீர்க்குழாயிலிருந்து சோடியத்தைப் பிடுங்கி வேருக்கே திருப்பும் புரதங்களும் உண்டு. இந்தக் கடைசி வகையில் ஒன்றைத்தான் ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் குழுவினர், ஒரு பழங்காலக் கோதுமை இனத்திலிருந்து மரபுவழிக் கலப்பின் மூலம் துரும் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உவர் நிலத்தில் அந்தக் கோதுமை 25 விழுக்காடு கூடுதலாக விளைந்ததாக 2012-இல் அறிவித்தார்கள். கேரளத்துப் பொக்காளி நெல்லின் தாங்குதிறனுக்கும் இதே வகைப் புரதத்துக்கும் தொடர்பு உண்டு. புட்டியில் கிடைக்காத தாங்குதிறன் விதையில் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று.

உப்போடு வாழ்வதற்கு ஆற்றல் எவ்வளவு செலவாகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. நீர்ப்பையில் உப்பைப் பூட்டினால், செல்லின் மற்றப் பகுதியில் நீர் வற்றாமலிருக்க அங்கே கெடுதல் செய்யாத வேறு கரைபொருளைச் சேர்க்க வேண்டும். புரோலின் என்ற அமினோ அமிலம் அப்படிப்பட்டது. கிளைசின் பீட்டைன் இன்னொன்று. ஒரு மூலக்கூறு புரோலின் செய்ய இலைக்கு ஏறத்தாழ 41 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு, கிளைசின் பீட்டைனுக்கு 50. ஒரு சோடியம் அயனியைப் பயன்படுத்திக்கொள்ள மூன்றரைதான். இலைத்துளை பாதி மூடி வரவு குறைந்திருக்கும் நேரத்தில் இந்தச் செலவு வந்து நிற்கிறது. புது இலை விடுவதற்குக் கையில் மிச்சம் என்ன இருக்கும்?

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். செடியைக் கிளைக்கச் சொல்லும் சைட்டோகைனின் உப்பில் குறையும்; அதுவும் நிறுத்தத்தின் ஒரு பகுதி. ஜாஸ்மோனிக் அமிலம், பிராசினோஸ்டீராய்டு எல்லாம் தத்தம் பங்கைச் செய்கின்றன. எத்திலீன் இருபக்கம் வெட்டும் ஆயுதம். அரபிடாப்சிஸில் அளவான எத்திலீன் தாங்குதிறனைக் கூட்டுகிறது. நெல்லில் எத்திலீன் சமிக்ஞை கூடினால் உப்புக்கு இன்னும் எளிதில் இரையாகிறது. மிகுந்துபோனால் இலை முதிர்ந்து உதிரும். உங்கள் பீன்ஸின் அடியிலைகளில் அதன் கையும் உண்டு.

ஆக்சினைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல ஆசை. ஒரு கண்ணாடித் தட்டில் கூழ்மம் ஊற்றி, கீழ்மூலையை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, அங்கே உப்புக் கலந்த கூழ்மத்தை நிரப்புகிறார்கள். மேலே முளைத்த நாற்றின் வேர் புவியீர்ப்பைப் பின்பற்றி நேராகக் கீழே வர வேண்டும். வருகிறது. உப்பின் விளிம்பு நெருங்கியதும் வளைந்து பக்கவாட்டில் விலகிப் போகிறது. வேர்நுனியில் உப்பு இருக்கும் பக்கத்துச் செல்கள், ஆக்சினைக் கடத்தும் புரதத்தைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதனால் ஆக்சின் மறுபக்கத்தில் கூடுகிறது. வேரில் ஆக்சின் கூடினால் வளர்ச்சி குறையும். ஆகவே வேர் அந்தப் பக்கமாக வளைகிறது, அதாவது உப்பை விட்டு. 2013-இல் வெளிவந்த இந்த ஆய்வில் அரபிடாப்சிஸோடு தக்காளி நாற்றையும் சோதித்தார்கள். உங்கள் பாத்தியில் உப்புக் குறைந்த ஒரு மூலையை ஏற்படுத்திக் கொடுத்தால் வேர் அதைத் தானே தேடிப் போகும் என்று இதற்கு அர்த்தம். சொட்டுநீர்க் குழாயின் துளைக்கு நேர்கீழே அப்படி ஒரு மூலை உருவாகிறது.

அப்படியானால் ஆப்சிசிக் அமிலத்தைக் கொடுக்கலாமே என்று கேட்டீர்கள். உப்பில் நிற்கும் செடியிடம் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நாம் மேலும் கொடுத்தால் இலைத்துளை இன்னும் மூடும், உணவு தயாரிப்பு இன்னும் குறையும். எந்த இலையில், எந்த மணியில், எவ்வளவு என்று செடி நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருப்பதை ஒரு தெளிப்பான் செய்ய முடியாது. போதாதற்கு வெயிலில் இந்த அமிலம் செயலற்ற வடிவத்துக்கு மாறிவிடும். வணிக முறையில் இது திராட்சைக்கு நிறம் ஏற்றத்தான் அதிகம் பயன்படுகிறது. சாலிசிலிக் அமிலத்தைக் குறைந்த அடர்த்தியில் தெளித்துப் பலன் கண்ட சோதனைகள் பல உண்டு. ஆனால் பயன் தரும் அளவுக்கும் இலையைச் சுடும் அளவுக்கும் இடைவெளி சிறிது. வயலில் கையளவு தூள் போட்டுக் கலக்கும் முறைக்கு அது ஒத்து வராது.

ஒரே ஒரு இடத்தில் ஹார்மோனுக்கு நான் இடம் கொடுப்பேன்: விதை. உப்பில் விதை முளைக்கத் தயங்குவதற்கு ஆப்சிசிக் அமிலம் கூடியும் ஜிப்ரெல்லின் குறைந்தும் இருப்பதே பெரிய காரணம். அங்கே ஜிப்ரெல்லின் கரைசலில் விதையை ஊறவைப்பது தர்க்கத்தோடு பொருந்துகிறது. ஆனாலும் வெறும் நல்ல நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தாலே அந்தப் பலனில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். முதலில் அதைச் செய்து பாருங்கள், காசு மிச்சம்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். பிஎச் 7.8 என்பதால் இது உவர் மண்ணாகத்தான் இருக்க வேண்டும், சோடியம் மிகுந்து கெட்ட களர் மண் அல்ல. களரில் பிஎச் பொதுவாக 8.5-ஐத் தாண்டும். ஆகவே களரைத் திருத்தும் ஜிப்சம் மூட்டைகளை உடனே வாங்கிக் கொட்ட வேண்டாம். சோடியம் பரப்பீர்ப்பு விகிதத்தையும் (எஸ்ஏஆர், கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அது 13-க்கு மேல் வந்தால் ஜிப்சத்தைப் பற்றிப் பேசலாம்.

எந்தப் பயிர் எந்த உப்பு வரை தாங்கும் என்று மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் வெளியிட்ட அட்டவணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் இன்றும் கையேடாக இருக்கின்றன. தக்காளி 2.5 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 9.9 விழுக்காடு குறையும். உங்கள் 4.2-இல் இழப்பு 17 விழுக்காடு. வருத்தம்தான், ஆனால் பயிர் தேறும். பீன்ஸின் வரம்பு 1.0, அதற்கு மேல் அலகுக்கு 19 விழுக்காடு. கணக்குப் போட்டால் 61 விழுக்காடு போய்விடும். எந்த ஹார்மோனும் அதை மீட்டுத் தராது. அந்த இடத்தில் தட்டைப்பயறு போடுங்கள். அதன் வரம்பு 4.9, உங்கள் மண்ணில் இழப்பே இருக்கக் கூடாது, அதே பயறு வகையும்கூட. பீட்ரூட்டுக்கு வரம்பு 4.0, அதுவும் வரும். என் பட்டியலில் இதுதான் முதல் பரிந்துரை, ஏனென்றால் செலவே இல்லை.

அடுத்தது உப்பைக் கீழே இறக்குவது. 2.1 இசி உள்ள நீரைக் கொண்டு வேர்ப்பகுதியைத் தக்காளியின் வரம்புக்கு அருகில் வைக்க, பாய்ச்சும் நீரில் 20 விழுக்காடு வேருக்குக் கீழே வடிந்து போக வேண்டும். பயிருக்கு 100 லிட்டர் தேவை என்றால் 125 லிட்டர் விட வேண்டும். அப்படிச் செய்தால் மண் 3-ஐ ஒட்டி வந்து நிற்கும். அங்கே தக்காளியின் இழப்பு 5 விழுக்காடுதான். கரிக்கும் நீரையே அதிகமாக விடச் சொல்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். உப்பைச் சேர்ப்பது நீரின் அளவு அல்ல, வடிகால் இல்லாமை. ஆகவே முதலில் ஓரிடத்தில் மூன்றடி தோண்டிப் பாருங்கள். கீழே நீர் தேங்கி நின்றாலோ இறுகிய தட்டு இருந்தாலோ, வடிகால் வெட்டாமல் கூடுதல் நீர் விடக் கூடாது. தேங்கிய நீர் உப்பை மேலேயே திருப்பிக் கொண்டுவரும். மழை வரும் நாட்களில் வரப்பைக் கட்டி மழைநீரை வயலிலேயே இறங்க விடுங்கள். அதைவிட நல்ல நீர் இல்லை.

மண்ணைக் காய விடாதீர்கள். நாள்பட விட்டு ஒரேயடியாகப் பாய்ச்சுவதைவிட, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுப்பது உப்பின் அடர்த்தியை ஏறவிடாது. மூடாக்குப் போடுங்கள், மேல்மண்ணின் வெண்பூச்சு குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். பார் பிடித்து நடுபவராக இருந்தால் பாரின் உச்சியில் நட வேண்டாம். நீர் இரு பக்கமிருந்தும் ஊறி ஏறி ஆவியாகும் இடம் அது. உப்பு அங்கேதான் குவியும். பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள். இலைமேல் படும்படி இந்த நீரைத் தெளிக்கவே கூடாது. வேரின் காவலைத் தாண்டி உப்பு நேரே இலைக்குள் போய்விடும்.

உரத்தில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடுகிறீர்கள் என்றால், அதிலுள்ள குளோரைடும் உங்கள் கணக்கில் சேர்கிறது. சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறுங்கள். பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டாம், சோடியத்தோடு போட்டியிட செடிக்கு அது தேவை. தக்காளிக்குக் கால்சியம் நைட்ரேட்டை நீரில் கரைத்துச் சிறு அளவுகளில் கொடுங்கள். வேரின் காவலுக்கும் உதவும், காயின் அடி கறுப்பதையும் குறைக்கும். உப்பு நிலத்தில் அந்தக் கோளாறு தக்காளிக்கு அடிக்கடி வரும். எந்த உரமும் ஓர் உப்புதான், ஆகவே பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

வேர் மண்டலப் பாக்டீரியாக் கலவைகளையும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். எத்திலீனின் முன்பொருளைத் தின்னும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு. அவை வேரில் குடியேறினால் எத்திலீன் மிகையாவது குறையும். கருத்து நல்லது. ஆனால் பொட்டலத்தில் உயிரோடு இருக்கின்றனவா, உங்கள் மண்ணில் பிழைக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இரண்டு வரிசையில் இட்டு, இரண்டு வரிசையை இடாமல் விட்டு, காயை நிறுத்துப் பாருங்கள். தெளிப்பு எதை யார் விற்றாலும் இதே சோதனையைச் செய்யலாம். உயரத்தை அளக்காதீர்கள்.

இப்போது நிற்கும் பீன்ஸைப் பிடுங்கலாமா என்று கேட்டால், பூ வந்துவிட்டிருந்தால் இருப்பதைப் பறித்துக்கொண்டு விடுங்கள், வராவிட்டால் இப்போதே அகற்றிவிடலாம். தக்காளி நிற்கட்டும். கூடுதல் நீர் கொடுத்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் மண் எடுங்கள். மேலே படிந்த வெண்பூச்சைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, 0–15, 15–30, 30–60 சென்டிமீட்டர் என மூன்று ஆழங்களில் தனித்தனியாக, செடியின் வேர் இருக்கும் இடத்தில், அடுத்த பாய்ச்சலுக்கு முன். கீழே போகப் போக இசி கூடினால் உப்பு இறங்குகிறது என்று பொருள். மேலே கூடுதலாக இருந்தால் வடிகாலைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் நிறைவுச் சாறு முறையிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் என்று கலந்து அளந்தால் எண் மிகக் குறைவாக வரும். அதைப் பழைய 4.2-உடன் ஒப்பிட முடியாது.